மாடிஃபை செய்த புல்லட் தட்டுகிறதா? சத்தம் வரும் நேரத்தை வைத்துக் கோளாறைப் பிடிப்போம்

ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டாயிற்று. ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டுக் கோன் ஃபில்டர் மாட்டியாயிற்று. சிலர் ஹெட்டையும் (சிலிண்டரின் மேல்மூடி) லேத்தில் கொடுத்து அரை மில்லிமீட்டர் சீவி வாங்கிவிடுகிறார்கள். வண்டி முன்பைவிட நன்றாகவே இழுக்கிறது. ஆனால் நாலாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சினுக்குள் ஒரு கிணுகிணுப்பு. மெக்கானிக்குகள் நாக்கிங் என்றும் பிங்கிங் என்றும் சொல்வது இதைத்தான்.

இதற்கு உடனே கிடைக்கும் பதில் இரண்டு. ‘பெட்ரோல் சரியில்லை’, இல்லையென்றால் ‘டைமிங்கைக் குறைச்சுடுங்க’. டைமிங் என்றால் பிளக்கில் பொறி விழும் நேரம். இரண்டும் சில நேரம் சரியாக இருக்கும். ஆனால் மாடிஃபை செய்த கார்புரேட்டர் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது வேறு: காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. அதைப் பார்க்காமல் டைமிங்கைக் குறைத்தால் சத்தம் அடங்கலாம், எஞ்சின் சூடு அடங்காது.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டு வண்டிகளை மனதில் வைத்து: பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350, அப்புறம் கார்புரேட்டர் வைத்த யூசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) கிளாசிக் 350. இரண்டுக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. முதலாவதில் பாயின்ட்டைத் (திறக்கும்போது பொறி விழவைக்கும் சின்ன சுவிட்ச்) திருப்பி டைமிங் வைக்கலாம். இரண்டாவதில் டைமிங் டிசிஐ என்ற எலெக்ட்ரானிக் பெட்டிக்குள் இருக்கிறது, கையால் தொட முடியாது. ஒரு வண்டிக்குச் சொன்ன வைத்தியம் அடுத்த வண்டிக்கு ஆகாமல் போவதற்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே நடப்பது இதுதான். பிளக் பொறி வைத்ததும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். தீ வந்து சேருவதற்குள், பிளக்குக்கு எட்டத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரே கணத்தில் வெடித்துவிட்டால் அதிர்வலை சிலிண்டருக்குள் மோதித் திரும்புகிறது. 70 மி.மீ. போரில் அந்த அதிர்வு நொடிக்குச் சுமார் 8,000 முறை. சத்தம் கனமாக இல்லாமல் கூர்மையாக, உலோகம் தட்டுவது போலக் கேட்பது அதனால்தான். ஆகவே இங்கே கவனிக்க வேண்டியவை அழுத்தம், சூடு, கலவை, பொறி விழும் நேரம், பெட்ரோலின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்). மாடிஃபை செய்யும்போது இவற்றில் ஒன்றிரண்டை நாம் தெரிந்தே மாற்றுகிறோம், ஒன்றிரண்டு தெரியாமலே மாறிவிடுகிறது.

முதலில், அது நாக்கிங்தானா?

வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ரேஸ் கொடுங்கள். லோடு இல்லாமலே சத்தம் வந்து, ஆர்பிஎம்மோடு ஏறி இறங்கினால் அது டாப்பெட், கேம் கியர், பிரைமரி செயின் இவற்றில் ஒன்று. காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் வந்து, சூடேறியதும் குறைந்தால் பிஸ்டன் ஸ்லாப், அதாவது தளர்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது. ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தால் அதுவும் நாக்கிங் இல்லை. பெண்ட் பைப் சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள்.

நாக்கிங் லோடில்தான் வரும். கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வரும், கொஞ்சம் விட்டால் சட்டென்று நிற்கும். சைலன்சர் சத்தத்தில் காது பிடிபடவில்லை என்றால் மேம்பாலக் கைப்பிடிச் சுவரை ஒட்டியோ, காம்பவுண்டுச் சுவர் உள்ள தெருவிலோ ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் கிணுகிணுப்பு தனியாகத் தெரியும்.

சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஒரு கியர் குறையுங்கள். சத்தத்தோடு மேடு முழுக்க ஏற்றிவிடாதீர்கள்.

மெதுவான வேகத்தில், மேல் கியரில் மட்டும் வருகிறது

புல்லட் ஓட்டுகிறவர்களுக்குக் குறைந்த ஆர்பிஎம்மில் இழுக்கவிடுவது ஒரு பழக்கம். ஸ்டாக் வண்டி அதைத் தாங்கும். முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டியிருந்தால் அதே வேகத்தில் எஞ்சின் இன்னும் மெதுவாகச் சுற்றும், ஒவ்வொரு வெடிப்புக்கும் லோடு கூடும், கலவை தானாக வெடிக்க நேரமும் கூடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் தட்டி, சமதளத்தில் எதுவும் இல்லாவிட்டால் முதலில் கியரை மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரு கியர் குறைத்ததும் முழுக்கப் போய்விட்டால் பழைய பல்சக்கரத்தைத் திரும்ப மாட்டுவதே போதுமான தீர்வு.

காஸ்ட் அயர்ன் வண்டியில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம் உண்டு: ஆட்டோ அட்வான்ஸ் யூனிட், அதாவது எஞ்சின் வேகம் கூடக் கூடப் பொறியை முன்னே தள்ளும் பாகம். அதிலுள்ள எடைகள் துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்து சீக்கிரமே விரிந்துவிடும். பாயின்ட் மூடியைத் திறந்து கேமை விரலால் திருப்பிவிடுங்கள். விட்டதும் அது தானாகத் திரும்பி வந்து உட்கார வேண்டும். சோம்பலாக வந்தாலோ நடுவழியில் நின்றாலோ கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு துளி எண்ணெய் விட்டு மாட்டுங்கள். இதைப் பார்க்காமல் டைமிங் வைத்தால், வைத்த டைமிங் எதுவும் நிலைக்காது.

பாதி ஆக்சிலரேட்டரில் முறுக்கும்போது வருகிறது (ஃபில்டரோ சைலன்சரோ மாற்றிய பிறகு)

மாடிஃபை வண்டிகளில் அதிகம் வருவது இதுதான், நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டியதும் இதுதான். கோன் ஃபில்டரும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் சேர்ந்தால் உள்ளே போகும் காற்று கூடுகிறது. ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) பழையதுதான், அதனால் கலவை லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. அளவாக லீனான கலவை சூடாக எரியும். அந்தச் சூடுதான் தட்டவைக்கிறது.

இதை உறுதிசெய்ய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. சத்தம் எந்த மேட்டில் வருகிறதோ அதே மேடு, அதே கியர், அதே வேகம். ஒரு முறை சாதாரணமாக ஏறுங்கள். அடுத்த முறை ஏறுவதற்கு முன் சோக்கைக் கொஞ்சமாக இழுத்துவிட்டு ஏறுங்கள். சத்தம் குறைந்தாலோ நின்றாலோ எஞ்சின் பெட்ரோல் கேட்கிறது என்று அர்த்தம். வேறு எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

லீன்தான் என்று தெரிந்ததும் உடனே ஜெட் வாங்க ஓட வேண்டாம். முதலில் காற்றுக் கசிவைப் பாருங்கள். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் மேனிஃபோல்டில் வெடிப்பு, தளர்ந்த கிளாம்ப், கோணலாக உட்கார்ந்த கேஸ்கெட் இவையெல்லாம் லீனாக்கும். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து அந்த இணைப்புகளைச் சுற்றி லேசாக அடியுங்கள். எங்கே அடிக்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. சூடான எஞ்சினில் பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு, தீப்பிடிக்கும், வேண்டாம். பெட்ரோல் காக்கில் உள்ள வடிகட்டியையும் டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் அப்படியே பார்த்துவிடுங்கள். துளை அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் வரத்துக் குறையும்.

கசிவு இல்லையென்றால் ஜெட் பக்கம் போகலாம். ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது தட்டுகிறது என்பதுதான் எதைத் தொட வேண்டும் என்று சொல்லும். கைப்பிடியில் டேப் ஒட்டி மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டுக்கொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை. மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குருவும். காலிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஆக, அரை ஆக்சிலரேட்டரில் தட்டும் வண்டிக்கு மெயின் ஜெட்டை மட்டும் பெரிதாக்கினால் பெரிய பலன் இருக்காது. ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள், ஊசி மேலே ஏறும், பெட்ரோல் கூடும். யூசிஇ வண்டியில் உள்ள வேக்குவம் கார்புரேட்டரில் ஊசிக்குக் காடி இல்லையென்றால் அடியில் ஒரு மெல்லிய வாஷர் போட்டு உயர்த்தலாம். முழு ஆக்சிலரேட்டரில் தட்டினால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள். ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

வேக்குவம் கார்புரேட்டரில் கோன் ஃபில்டர் போடுவது எனக்கு உடன்பாடில்லை. அதன் ஸ்லைடு காற்றழுத்த வித்தியாசத்தால் ஏறி இறங்குகிறது. ஏர் பாக்ஸ் போய்விட்டால் அந்தக் கணக்கே குலைந்து, எந்த ஜெட் போட்டாலும் நடுவில் ஒரு இடத்தில் லீனாகவே இருக்கும். ஏர் பாக்ஸைத் திரும்ப மாட்டி, நல்ல ஃபில்டரை உள்ளே வைத்தால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பவர்கள் அங்குள்ள மெல்லிய காற்றுக்கேற்ப ஜெட்டைச் சிறிதாக்கியிருப்பார்கள். அதே வண்டி மேட்டுப்பாளையம் இறங்கினால் லீனாகும், தட்டும். வண்டி எந்த ஊரில் ட்யூன் ஆனது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட்டைச் சீவிய பிறகு, அல்லது பெரிய பிஸ்டன் போட்ட பிறகு எந்த லோடிலும் வருகிறது

இங்கே கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். 70-க்கு 90 என்றால் ஸ்ட்ரோக் கொள்ளளவு 346 சிசி. யூசிஇ எஞ்சினின் கம்ப்ரஷன் 8.5, அதாவது கலவையை எட்டரையில் ஒரு பங்காக அமுக்குகிறது. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 346-ஐ 7.5-ஆல் வகுத்தால் கிடைப்பது, சுமார் 46 சிசி. ஹெட்டில் போர் விட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் சீவினால் 1.9 சிசி குறையும், கம்ப்ரஷன் 8.8 ஆகும். ஒரு மில்லிமீட்டர் சீவினால் 9.2-ஐத் தொடும். சிலிண்டருக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டையும் எடுத்துவிட்டால் இன்னும் ஏறும். ஹெட்டைத் தொடாமல் போரை மட்டும் பெரிதாக்கினாலும், ஸ்ட்ரோக் கொள்ளளவு கூடி மேலே உள்ள இடம் பெரிதாக மாறாததால், கம்ப்ரஷன் தானாகக் கூடும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

லேத்காரர் சொன்ன அளவை நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளலாம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வண்டியைச் சாய்த்து பிளக் துளை மேலே பார்க்கும்படி வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சில் மெல்லிய எஞ்சின் ஆயிலை எடுத்து மெதுவாக விடுங்கள். காற்றுக் குமிழ் வெளியேற நேரம் கொடுங்கள். துளையின் கடைசி மரை வரை வந்ததும் நிறுத்துங்கள். பிளக் மரைக்குள் நின்ற ஆயிலைக் கழித்தால் மிச்சம்தான் உங்கள் வண்டியின் உண்மையான அளவு. அளந்து முடித்ததும் பிளக் இல்லாமலே கிக்கரை மெதுவாக மிதித்து ஆயிலை வெளியேற்றிவிட்டுத்தான் பிளக்கை மாட்ட வேண்டும்.

9.2 என்று வந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காற்றால் குளிரும் இரண்டு வால்வு எஞ்சினுக்கு அது சும்மா தாங்கும் அளவும் இல்லை. காஸ்ட் அயர்ன் வண்டியின் இரும்பு சிலிண்டர் சூட்டை இன்னும் மெதுவாகத்தான் விடும். அந்த வண்டி ஏழைச் சுற்றிய கம்ப்ரஷனுக்குச் செய்யப்பட்டது. அதில் எட்டரைக்கு மேல் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏற்றிவிட்டீர்கள் என்றால் வழி மூன்று: உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல், டைமிங்கைச் சற்றுப் பின்னுக்கு வைப்பது, அல்லது கனமான கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரஷனை இறக்குவது. மூன்றாவதில் ஒரு எச்சரிக்கை: ஸ்குவிஷ் பட்டை (பிஸ்டன் ஓரத்தை நெருங்கி நின்று கலவையை நடுவுக்குத் தள்ளும் விளிம்பு) உள்ள ஹெட்டாக இருந்தால் கனமான கேஸ்கெட் அந்த இடைவெளியை விரித்து, ஓரக் கலவை கலங்காமல் நின்று, கம்ப்ரஷன் குறைந்தும் தட்டுவது நிற்காமல் போகலாம்.

பாயின்ட் மாற்றிய பிறகோ டைமிங் தொட்ட பிறகோ வருகிறது (காஸ்ட் அயர்ன்)

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இதை முதலில் வைக்க வேண்டும், டைமிங்கை அப்புறம். இடைவெளியை அகட்டினால் பாயின்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங் முன்னேறும். டைமிங் வைத்துவிட்டு இடைவெளியைச் சரிசெய்தவர்களின் வண்டி தட்டுவது இதனால்தான்.

ஸ்டாண்டர்டு அளவு, அட்வான்ஸ் முழுக்கச் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு. பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதில் கம்பி விட்டு அளந்தால் மில்லிமீட்டர் கணக்குப் பிசகும். கிராங்க் அச்சில் டிகிரி தட்டு மாட்டிப் பார்ப்பது நல்லது, 0.8 மி.மீ. என்பது ஏறக்குறைய 10 டிகிரி. பாயின்ட்டுக்கு நடுவே சிகரெட் தாள் ஒன்றை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே எஞ்சினைச் சுற்றுங்கள். தாள் நழுவும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். கம்ப்ரஷன் ஏற்றிய வண்டிக்கு, உச்சிக்கு 0.5 மி.மீ. முன்பு என்ற அளவு வரை பின்னுக்கு வைத்துப் பார்க்கலாம், அது இரண்டு டிகிரி வித்தியாசம்தான். அதற்கும் மேல் பின்னுக்கு இழுத்தால் இழுவை செத்து, பெண்ட் பைப் நீலம் பாயும்.

யூசிஇ வண்டியில் வெளியில் வாங்கிய ‘பெர்ஃபார்மன்ஸ்’ பெட்டி மாட்டியிருந்தால் ஒரிஜினல் டிசிஐயை மாட்டி அதே மேட்டில் ஏற்றிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகுதான் வருகிறது

ஃபின்களுக்கு நடுவே அடைத்த சேறு, அதன் மேல் கனமாக அடித்த பெயின்ட், காற்றை மறைக்கும் கார்டு, குறைந்துபோன ஆயில் இவற்றைப் பாருங்கள். பிளக்கின் ஹீட் ரேஞ்சையும் (சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கடத்தும் என்பது) பாருங்கள். மாடிஃபை எஞ்சினுக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் பொருந்தும். என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ந்தது, போஷ் பிளக்கின் இன்றைய எண்முறையில் நேர் எதிர். கடையில் குழம்புவது இங்கேதான். கூடவே நீலப் புகை வந்தால் ரிங் அல்லது வால்வு கைடு வழியாக ஆயில் மேலே ஏறுகிறது. பெட்ரோலோடு கலந்த ஆயில் ஆக்டேனைக் குறைத்துத் தட்டவைக்கும்.

புதிதாகப் பெட்ரோல் போட்டதிலிருந்து வருகிறது

நேற்று வரை இல்லாத சத்தம் பங்கிலிருந்து வெளியே வந்ததும் வந்தால் பெட்ரோலைச் சந்தேகப்படுவது நியாயம். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் விழும். ஃபில்டர் பேப்பரில் ஒரு துளி விட்டால் நல்ல பெட்ரோல் கறையில்லாமல் காய்ந்துவிடும். இந்தச் சோதனையைப் பங்கிலேயே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) விஷயத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பிஎஸ்6 சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91, இ20-க்கு 95. தட்டுவதைத் தடுக்க அது உதவும். ஆனால் எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே தேவை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் செட் செய்த கார்புரேட்டரில் இ20 ஓடினால் கலவை ஏறக்குறைய 7, 8 சதவீதம் லீனாகிவிடும். ஏற்கெனவே லீனாக ஓடும் மாடிஃபை வண்டிக்கு இதுவும் சேர்ந்தால் எல்லை தாண்டும். பழைய ஜெட்டிங்கை ஒரு முறை திரும்பப் பாருங்கள். மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் இறங்கினால் எத்தனால் பெட்ரோலிலிருந்து பிரிந்து தண்ணீரோடு அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைவு. அப்படிப் பிரிந்ததைக் கலக்கி ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள், முழுக்க வடித்துவிடுங்கள்.

சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ரெண்டு சுற்று சுற்றுகிறது

பொறியே இல்லாமல் எரிகிறது என்றால் உள்ளே ஏதோ கனன்றுகொண்டிருக்கிறது. பெரும்பாலும் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் படிந்த கரி, அல்லது ஹீட் ரேஞ்ச் தப்பான பிளக். ஹெட்டைக் கழற்றிக் கரியை எடுங்கள், மரக்கட்டையால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். லேத்தில் சீவிய ஹெட்டில் கூரான விளிம்பு நின்றிருந்தால் அதுவும் கனலும். மெல்லிய எமரித் தாளால் மழுக்கிவிடுங்கள்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் ஹைவேயில் இழுவை குறைகிறது

எனக்கு அதிகம் கவலை தருவது இந்த அறிகுறிதான். 90-க்கு மேல் போகும்போது காற்றும் சைலன்சரும் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும். இந்த எஞ்சின்களில் நாக் சென்சாரும் கிடையாது. இங்கே பிளக்தான் சாட்சி. நன்றாக ஓடிய பிறகு, லோடில் இருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரங்கட்டுங்கள். ஆறியதும் பிளக்கைக் கழற்றி, வெயிலில் பூதக்கண்ணாடி வைத்து வெள்ளைப் பீங்கானைப் பாருங்கள். யூசிஇ 350-இல் பிளக் இரண்டு, இரண்டையும் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் நல்லது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் லீன். பீங்கானில் நுண்ணிய கருப்புப் புள்ளிகளும் அவற்றுக்கு நடுவே வெள்ளி மினுக்கும் தெரிந்தால், அந்த மினுக்கு பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்த அலுமினியம்.

மினுக்கைப் பார்த்த பிறகு ஜெட்டையும் டைமிங்கையும் சரிசெய்து ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து கிக் அடித்துப் பாருங்கள். முன்பு எடுத்து வைத்த அளவைவிடக் குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி, பிளக்குக்கு எதிர்ப்பக்கம் பிஸ்டன் விளிம்பில் அரிப்பு இருக்கிறதா, ரிங் காடிகளுக்கு நடுவேயுள்ள சுவர் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த துண்டு சிலிண்டரைக் கீறத் தொடங்கினால் பிஸ்டனோடு ரீபோர் செலவும் சேர்ந்துகொள்ளும்.